கரிசல் மண் பொம்மை ஏன் வெடிக்கிறது?

கேரளத்து மண் என்றால் பெரும்பாலோர் மனத்தில் வருவது செம்புறைக்கல் வெட்டியெடுக்கும் சிவந்த பூமி. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரம், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டத்துக்கு வந்தால் அந்த நிறம் மாறிவிடுகிறது. அங்கே திட்டுத் திட்டாகக் கரிசல் கிடக்கிறது. கேரளத்தில் கரிசலுக்குப் பேர்போன இடம் இதுதான். இந்தப் பக்கத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் மண் பொம்மை செய்யச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கரிசலைக் குழைத்தால் விரலோடு ஒட்டிக்கொண்டு நன்றாகவே வளையும். யானை பிடித்து, தும்பிக்கை ஒட்டி, ஜன்னலோரம் காயவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் வந்து பார்த்தால் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு ஓடியிருக்கும். தும்பிக்கை தனியாக விழுந்து கிடக்கும். பக்கத்துப் பையன் கொண்டுவந்த செம்மண்ணோ பிடிக்குள்ளேயே நிற்காமல் உதிர்ந்துவிடும். மூன்றாவது பிள்ளை கரிசலில் கொஞ்சம் மணல் சேர்த்துப் பிசைந்திருந்தால் அந்த யானைக்கு மட்டும் வெடிப்பு குறைவாக இருக்கும். கரிசல் தண்ணீரைக் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும், சுருங்க இடமில்லாதபோது பிளக்கும். கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதும் இதே காரணத்தால்தான் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உடைந்த தும்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே பார்த்தாலே போதும்.

கைவேலையும் இயற்கைச் சுற்றுலாவும் பாடத்துக்கு நடுவே விடும் இடைவேளை என்றே பெரும்பாலான பள்ளிகளில் நடத்தப்படுகின்றன. வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு வண்ணக் காகிதம் வெட்டுவது, வருடத்துக்கு ஒருமுறை பேருந்தில் ஏறிப் போய்வருவது என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. கேரளத்தின் எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு. இங்கே கைவேலையும் காலாற நடந்து பார்ப்பதும்தான் பாடப்புத்தகத்தைப் பிள்ளையின் சொந்த மண்ணோடு ஒத்துப் பார்க்க வைக்கின்றன. வேறு எந்த வகுப்பாலும் அதைச் செய்ய முடியாது.

இதற்குக் காரணம் இந்தப் பள்ளிகள் இருக்கும் இடம். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தோடு நின்றன. அதே ஆண்டு நடந்த ஏழாவது திருத்தம் அரசியலமைப்பில் 350அ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் சாரம். அதன்படி இன்றும் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டப் பகுதிகளிலும் தமிழ் வழி வகுப்புகள் நடக்கின்றன. பாடப்புத்தகம் கேரள மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி மன்றம் வகுத்த பாடத்திட்டத்தின் தமிழ் வடிவம். மாநிலம் முழுவதற்கும் பொதுவாக எழுதப்படும் புத்தகத்தில் தென்னையும் காயலும் வள்ளமும் ஜூன் மாதத்து மழையும் முன்னால் நிற்பது இயல்பு. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கிழக்குச் சித்தூரில் தென்னையோடு பனையும் வரிசை கட்டி நிற்கிறது. மறையூர் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. அங்கே சந்தனமும் கரும்பும் விளைகின்றன. புத்தகத்தில் இருப்பது ஒன்றும் கண்ணெதிரே இருப்பது வேறொன்றுமாக இருக்கும்போது, பிள்ளை இரண்டில் ஒன்றை நம்பாமல் போகிறது. தேர்வு புத்தகத்திலிருந்து வருவதால், தன் கண்ணை நம்பாமல் விடுவதுதான் வழக்கம். எனக்குக் கவலை தருவது அதுதான்.

காற்றை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகச் சுவர்போல் நிற்கையில், பாலக்காட்டில் மட்டும் 30 கி.மீ.க்கும் மேல் அகலமான வாசல் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே கிழக்கே பாய்ந்து பொள்ளாச்சி, உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. பனிக்காலத்தில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இதே வாசலில் திரும்பி நுழைகிறது. இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டலாம். இன்னொரு வழியும் உண்டு. பனங்குருத்தில் விரல் அகலத்துக்கு இரண்டு ஓலை கிழித்து, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக வைத்துப் பின்னி, நடுவில் வேலமுள் ஒன்றைக் குத்தி, சோளத்தட்டையின் நுனியில் செருகினால் காற்றாடி ஆயிற்று. காசு செலவில்லாத பொம்மை. ஆனால் அதைச் சுற்ற வைப்பது சுலபமில்லை. ஓலை தட்டையாக இருந்தால் அசையாது. ஓரத்தைச் சற்றே முறுக்க வேண்டும். முள் இறுக்கமாக இருந்தால் நிற்கும், தொளதொளவென்றிருந்தால் ஆடும். காற்றுக்கு முகம் காட்டினால் சுற்றும், பக்கவாட்டில் பிடித்தால் சும்மா இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவந்த பிள்ளைக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியும். வாளையாறு போகும் வழியில் கஞ்சிக்கோட்டில் கேரள மின் வாரியம் நிறுத்திய காற்றாலைகளின் இறக்கைகள் ஏன் முறுகியிருக்கின்றன என்பதும் தெரியும். இடுக்கியில் ராமக்கல்மேட்டுப் பிள்ளைகளுக்கும் இதே பாடம் காத்திருக்கிறது. தேனி மாவட்டத்துச் சமவெளியைப் பார்த்து நிற்கும் அந்த மேட்டில் காற்று எப்போதும் பேயாய் வீசும். அங்கேயும் காற்றாலைகள் சுழல்கின்றன. எல்லையின் இரு முனைகளிலும் காற்று பாயும் இடமாகப் பார்த்துக் காற்றாலை நிறுத்தியிருப்பது தற்செயல் இல்லை என்று ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடித்தால், புவியியலில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

மழையும் அப்படித்தான். மூணாற்றுக்கும் மறையூருக்கும் இடையே சாலை வழி சுமார் 40 கி.மீ.தான். மூணாறு தென்மேற்குப் பருவத்தில் நனைந்து ஊறும். மறையூரைத் தாண்டிச் சின்னாறு போனால் முள்மரமும் சப்பாத்திக்கள்ளியுமாகப் பூமியே வேறு. சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் வாழும் அந்தச் சரணாலயம் உடுமலைச் சாலையில் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் இவ்வளவு வித்தியாசம் இருப்பதைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும். பள்ளியில் செய்யக்கூடியது எளிது: நேரான உடல் கொண்ட ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை அறுத்து, அதைத் தலைகீழாகப் புனல்போல் அதே பாட்டிலில் செருக வேண்டும், அடிப்பாகம் வளைந்திருப்பதால் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு நேரான இடம் வரை நிரப்பி, அங்கிருந்து அளவுகோல் ஒட்ட வேண்டும். ஏன் நேரான இடத்திலிருந்து என்பதைப் பிள்ளைகள் முதல் முறை தப்பாக ஒட்டிவிட்டுத்தான் கற்றுக்கொள்வார்கள். கற்றபின் மறக்க மாட்டார்கள். மூணாற்று வகுப்பும் மறையூர் வகுப்பும் ஒரு மாதக் கணக்கை ஒரு கடிதத்தில் மாற்றிக்கொண்டால் மழை மறைவு என்ற சொல்லுக்கு அர்த்தம் வந்துவிடும். கோட்டயம் பக்கத்து மீனச்சில் ஆற்றுப்படுகையில் மாணவர்களும் ஊர்க்காரர்களும் மழைமானி வைத்து அளவெடுத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். வெள்ளக் காலத்தில் கீழே இருப்பவர்களுக்கு மேலே பெய்ததைச் சொல்ல அது உதவுகிறது. மூணாற்றுப் பக்கமும் மழை உயிர் குடித்திருக்கிறது: 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளை மூடியதில் 70 பேர் போனார்கள். அவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களது குடும்பத்தினரும். பள்ளி செல்லும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பாட்டில் மழைமானி அந்தச் சரிவைத் தடுத்திருக்கும் என்று சொன்னால் அது பொய். ஆனால் மழையை அளந்து, நேற்றைவிட இன்று எத்தனை அதிகம் என்று பேசும் பழக்கம் ஒரு லயத்தில் இருப்பது நல்லது. அந்தப் பழக்கம் பள்ளியிலிருந்துதான் வீட்டுக்குப் போகும்.

மொழிக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. ‘வாழிடம்’ என்பது பாடப்புத்தகச் சொல். பொந்து, வளை, புற்று, கூடு, புதர் என்று ஐந்தையும் நேரில் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ‘வாழிடம்’ அந்த ஐந்தையும் கட்டும் கயிறு. பார்க்காத பிள்ளைக்கு அது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு வார்த்தை. பள்ளியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் வீட்டுச் சொல்லும் புத்தகச் சொல்லும் சந்தித்துக்கொள்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் பெருமை உண்டு. மூணாற்று மலைமடிப்புகளில் புல்வெளிக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் காட்டை அவர்கள் ‘சோலை’ என்கிறார்கள். உலகெங்கும் சூழலியல் அறிஞர்கள் தங்கள் ஆய்வுகளில் அந்தக் காட்டுக்கு வைத்திருக்கும் பெயரும் அதுவே. 97 சதுர கி.மீ. இரவிகுளம் தேசியப் பூங்காவின் வரையாட்டுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பெயர். 2006-இலும் 2018-இலும் மலையை நீலமாக்கிய குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்கும்போது, இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளை மேல் வகுப்புக்குப் போயிருக்கும். தன் வீட்டில் புழங்கும் சொல் அறிவியலின் சொல்லும்தான் என்று அறிந்த பிள்ளை வகுப்பில் வாய் திறக்கத் தயங்காது. மலையாளம் கற்பதற்கும் இது தடையில்லை. 2017-இல் கேரளம் இயற்றிய சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியபோது எல்லைப் பகுதிகளில் அச்சம் எழுந்தது நியாயம். ஆனால் அந்த மாநிலத்தில் வாழப்போகும் பிள்ளைக்கு அந்த மொழி வேண்டும். பனை, பன, கொன்றை, கொன்ன, பலா, பிலாவு என்று ஒரு மரத்தடியில் நின்று இரண்டு பெயரையும் சொல்லிப் பழகுவதைவிட இணக்கமான மொழிப்பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சின்னப் பிள்ளைகள் பார்ப்பதற்கு அறிவியலில் என்ன மதிப்பு என்று கேட்கலாம். ‘சீசன்வாட்ச்’ என்ற நாடு தழுவிய திட்டம் அதற்குப் பதில். பள்ளிப் பிள்ளைகள் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை அதில் தளிர் உண்டா, மொட்டு உண்டா, பூ, காய், பழம் உண்டா என்று குறிக்கிறார்கள். இதில் கேரளப் பள்ளிகள்தான் முன்னால் நிற்கின்றன. விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை முன்கூட்டியே பூத்துவிடுகிறது என்று பெரியவர்கள் பொத்தாம்பொதுவாகப் பேசுவதைத் தேதியோடு பேச வைப்பவை இப்படிப்பட்ட குறிப்புகள்தான். முதலமடை மாந்தோப்புகள் நாட்டிலேயே முந்திக் காய்ப்பவை. ஒரு மாமரத்தை ஆண்டு முழுதும் கவனிக்கும் முதலமடைப் பிள்ளை எழுதும் குறிப்பு அந்த ஊர் விவசாயிக்கே பயன்படும். கைவேலையைப் பாடமாக்கும் எண்ணம் புதிதும் அல்ல. 1866-இல் பின்லாந்து, ஊனோ சிக்னேயுஸ் என்ற கல்வியாளரின் யோசனைப்படி, மக்கள் பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கியது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி, கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதைச் சுற்றி அமைக்க வேண்டும் என்றார்.

காந்தியின் பெயரைச் சொன்னதும் தமிழ் வாசகர்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். அதைத் தட்டிக் கழிக்க முடியாது. 1953-இல் அன்றைய சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அந்தத் திட்டத்தைப் பெரியாரும் திராவிட இயக்கமும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் சொன்னது சரி. கொழுந்து கிள்ளியே கைரேகை கறுத்த ஒரு தாய், அட்டைக்கடியும் பனியும் தன்னோடு போகட்டும் என்றுதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் தாங்களே திரண்டு கூலிக்கும் போனஸுக்கும் போராடியதன் பின்னால் அந்த ஆசையும் இருந்தது. அவளிடம் போய் உன் மகளுக்கு மண்ணும் ஓலையும் சொல்லித் தருகிறோம் என்றால் அவள் சந்தேகப்படத்தான் செய்வாள்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 1953-இன் திட்டம் பள்ளி நேரத்தை வெட்டியது. பிள்ளை பிறந்த வீட்டின் தொழிலையே அதற்கு விதித்தது. இங்கே பேசப்படும் கைவேலை பள்ளி நேரத்துக்குள்ளேயே, ஆசிரியர் முன்னிலையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி நடப்பது. பனையேறியின் மகனும் கடைக்காரர் மகளும் ஒரே மண்ணைப் பிசைகிறார்கள். பையன் ஊசியில் நூல் கோக்கிறான், பெண் மூங்கிலைப் பிளக்கிறாள். வேலையின் முடிவில் ‘ஏன்’ என்ற கேள்வி வந்தே ஆக வேண்டும். பொம்மையை நூறு முறை திரும்பச் செய்து கை பழகுவது தொழில் பயிற்சி. ஒரு முறை வெடித்த பொம்மையைப் பார்த்து மறுமுறை மணல் சேர்த்துப் பார்ப்பது அறிவியல். இந்த வேறுபாடு மங்கினால் அந்தத் தாயின் சந்தேகம் உண்மையாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பள்ளித் தோட்டத்தில் களை பிடுங்க மட்டும் பிள்ளைகளை இறக்குவது கைவேலை ஆகாது.

கூர்ந்து பார்க்கும் பழக்கம் பாட்டாளி வீட்டுக்குத் தேவையில்லாத ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் பிளாச்சிமடையை நினைவுகூர வேண்டும். சித்தூர் வட்டம் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் 2000-இல் கோக்கோ கோலா ஆலை வந்தபின், கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் உதவாமல் போவதை முதலில் கண்டவர்கள் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளின் ஆதிவாசிப் பெண்கள். அவர்களில் ஒருவரான மயிலம்மா முன்னின்று 2002 ஏப்ரலில் அவர்கள் உட்கார்ந்த போராட்டம் 2004-இல் ஆலையின் மூடலில் கொண்டுவந்து விட்டது. ஆய்வகங்கள் பிறகு வந்தன. நாக்கும் கண்ணும் பானையும் முதலில் சொல்லிவிட்டன. மாதம் ஒருமுறை ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து குறித்துவைக்கும் பள்ளி, அந்தப் பெண்களின் கவனத்தை எழுத்தில் ஏற்றுகிறது.

அடுத்த தடை பாதுகாப்பு. இதைச் சொல்பவர்கள் பயந்தவர்கள் அல்லர். 2007 பிப்ரவரியில் தட்டேக்காடு நீர்ப்பரப்பில் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகளும் ஆசிரியர்களுமாக 18 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 5 இரவு, ஊட்டிக்குப் புறப்பட்ட பள்ளிச் சுற்றுலாப் பேருந்து இதே பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் மேல் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் ஐவர் மாணவர்கள். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பள்ளிச் சுற்றுலா வண்டி ஓடக்கூடாது என்ற விதி அதன்பின் கண்டிப்பாக வலியுறுத்தப்பட்டது. இந்தச் சாவுகளிலிருந்து பிள்ளைகளை வகுப்பிலேயே பூட்டிவைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருவது தவறு. படகும் இரவு நெடுஞ்சாலையும் அவசரமும்தான் உயிர் குடித்தன; ஆலமரமும் வாய்க்கால் கரையும் அல்ல. ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் போய்வரும் ஒரு மணி நேர நடை போதும்; அதை மாதம் இருமுறை செய்தால் அதே மரம் நான்கு பருவத்திலும் கண்ணில் படும். மௌனப் பள்ளத்தாக்கையோ தேக்கடியையோ ஒரு நாள் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஞாபகத்தில் நிற்பது பெரும்பாலும் பேருந்துப் பாட்டும் ஐஸ்கிரீமும்தான். அந்த மகிழ்ச்சியும் வேண்டும், நான் மறுக்கவில்லை. பாலக்காட்டைச் சேர்ந்த பறம்பிக்குளத்துக்குத் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான் போக முடியும் என்பதே எல்லைப் பிள்ளைக்கு ஒரு சுவையான பாடம். ஆனாலும் பார்க்கும் பழக்கம் அருகில்தான் விளையும். யானை நடமாடும் சின்னக்கானல் போன்ற இடங்களில் வனத்துறையைக் கேட்காமல் வெளியே இறங்கக் கூடாது. அங்கே பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் ஒரே மரமும், மதில்மேல் படரும் பாசியும்கூடப் போதும்.

நேரமில்லை, நான்காம் வகுப்பில் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது என்பது சரியான கவலைதான்; தேர்வுக் கேள்விகளே கவனித்ததிலிருந்து விடை எழுதச் சொல்லும்போது அந்த ஒரு மணி நேரம் வீணாவதில்லை. கைவேலையை வீட்டில் அப்பா அம்மாதான் செய்து தருகிறார்கள், கடையில் தெர்மகோல் வாங்கியே மாளவில்லை என்ற குறை நியாயமானது. அதற்கு வழி கேரளத்திலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் பள்ளி அறிவியல் விழாவின் பணி அனுபவப் பிரிவில் மூங்கில், பனையோலை, களிமண், சிரட்டை, தென்னை நார் என்று ஒவ்வொரு பொருளையும் போட்டிக் கூடத்திலேயே, நடுவர் கண்ணெதிரே பிள்ளைகள் செய்து காட்ட வேண்டும். துணை மாவட்ட விழாவுக்குப் போகும் ஓரிரு பிள்ளைகளுக்கு இருக்கும் இந்த விதியை எல்லோருக்குமாக வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் போதும். கைவேலை வீட்டுப்பாடமாக ஒருபோதும் போகக் கூடாது. பொருள் நடந்துபோன வழியில் பொறுக்கியதாக இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அரசிடம் பெரிய பணம் கேட்க வேண்டியதில்லை. தமிழ் வழிச் சூழலியல் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கோடு போடாத ஒரு வெற்றுப் பக்கம், அதன் தலைப்பில் ‘எங்கள் ஊரில்’ என்ற இரண்டு சொல், அவ்வளவே கேட்கிறேன். நீர் பற்றிய பாடத்தில் மூலத்தறை அணை பக்கத்துப் பிள்ளை தன் ஓலைப்படகு வாய்க்காலில் இருபது அடி போக எத்தனை எண்ணிக்கை ஆயிற்று என்று அதில் எழுதும். அந்தத் தண்ணீர் ஆழியாற்றிலிருந்து வருவதும், பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு உரியது என்பதும் ஆசிரியர் சொல்லிச் சேர்வது. குமுளிப் பிள்ளை அதே பக்கத்தில், தன் ஊர்த் தண்ணீர் 1895-இலிருந்து மலையைக் குடைந்து எதிர்த்திசையில் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போவதை வரையும். எருத்தேன்பதிப் பிள்ளை மண் பாடத்தின் வெற்றுப் பக்கத்தில் ஒரு யானையை ஒட்டிவைக்க முடியாது. ஆனால் வெடித்த இடத்தைக் கோடு கோடாகப் படம் போட்டு, பக்கத்தில் எத்தனை பிடி மணல் சேர்த்தால் நின்றது என்று எழுதிவைக்கலாம்.